உடன்பிறந்தவரைத் தற்கொலையில் இழந்தவர்கள் கேட்கும் கேள்விகள்: பிள்ளைக்கு என்ன சொல்வது?

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் அண்ணனோ தங்கையோ தற்கொலையால் இறந்துபோனால், மிஞ்சியிருக்கும் உடன்பிறப்பின் தலையில் இரண்டு சுமைகள் ஒரே நாளில் விழுகின்றன. தன்னோடு வளர்ந்தவர் இல்லாமற்போன துயர் ஒன்று. அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருக்கும் தன் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்ற தவிப்பு மற்றது. என் தம்பி அவ்வாறு இறந்தபோது என் மகளுக்கு ஏழு வயது. அதன் பின்னர் இதே நிலையில் இருந்த பலரோடு பேசியிருக்கிறேன். கீழே உள்ளவை அவர்கள் கேட்டவையும் நான் கேட்டவையும் ஆகும்.

இதை வாசிக்கும் உங்களுக்கே உயிரோடிருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதென்றால், மற்றவற்றைப் பிறகு வாசிக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? மாரடைப்பு என்று சொன்னால் போதாதா?

சொல்லத்தான் வேண்டும் என்பது என் முடிவு. மாரடைப்பு என்று சொல்ல நினைப்பவர்கள் பிள்ளையின் மீது கொண்ட அன்பினால்தான் அப்படி நினைக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உண்மையைப் பிள்ளையிடமிருந்து மறைத்துவைக்கும் வல்லமை உங்களுக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மரணம் நிகழ்ந்தால், பொலிஸ் வந்து போனதை அந்த மாடிக் குடியிருப்பு முழுவதும் அன்றே அறிந்துவிடும். மலர்ச்சாலையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பிள்ளைகள் கூர்ந்து கேட்பார்கள். கனடாவிலிருந்து பேசும் பெரியம்மாவுக்கு அம்மம்மா தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருப்பார். இத்தனையையும் தாண்டினாலும் பாடசாலை வாகனத்தில் உடன் வரும் ஒரு பிள்ளை, தன் வீட்டில் கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிடும். ஆகவே பிள்ளைக்குத் தெரியவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. யார் வாயால், எந்தச் சொற்களால் தெரியவேண்டும் என்பதை மட்டுமே நீங்கள் தீர்மானிக்கலாம்.

அரைகுறையாக அறிந்த பிள்ளை உங்களிடம் வந்து கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் மறைக்கும் ஒன்றைக் கேட்கக் கூடாது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அது கேட்காமலே இருந்து, விடுபட்ட இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும்; அந்தக் கற்பனை உண்மையைவிடப் பயங்கரமானதாக இருக்கலாம். மாரடைப்பு என்று நம்பிய பிள்ளை, தகப்பன் மாடிப்படி ஏறி மூச்சுவாங்கும்போதெல்லாம் அஞ்சும். அந்த அச்சத்தைத் தீர்க்க நீங்கள் இன்னொரு பொய் சொல்ல நேரும்.

மூத்தவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள்: "நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க இது தடையா வரும்." அந்தக் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன், நம் சமூகத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் விசாரிக்கப்போவது உங்கள் பத்து வயதுப் பிள்ளையிடம் அல்ல. அயலவருக்குச் சொல்லாமல் விடுவதும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதும் வெவ்வேறான காரியங்கள்.

ஏற்கெனவே வேறு காரணம் சொல்லிவிட்டோம். இனி என்ன செய்வது?

திருத்திச் சொல்லலாம், காலம் கடந்துவிடவில்லை. "மாமா எப்பிடி இறந்தவர் எண்டு அண்டைக்கு உனக்குச் சரியாச் சொல்லேல்ல. எங்களுக்கும் அப்ப தாங்கேலாம இருந்தது. இப்ப சொல்லப்போறன்" என்று தொடங்கினால் போதும். சில பிள்ளைகள் கோபப்படுவார்கள். சிலர் "எனக்குத் தெரியும்" என்பார்கள். இரண்டாவது பதில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைக் கேட்டு நான் வியந்திருக்கிறேன். இதில் ஒரேயொரு நிபந்தனைதான்: வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அன்றிலிருந்து ஒரே விடயத்தைச் சொல்ல வேண்டும். தாய் திருத்திய பின்னரும் அம்மம்மா மாரடைப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தால், பிள்ளை இருவரையும் நம்பாது.

எப்போது, யார் சொல்ல வேண்டும்?

இயன்றால் அன்றே, இயலாவிட்டால் செத்தவீட்டுக்குக் கூட்டிச்செல்லும் முன்னர். சொல்பவர் பெற்றோரில் ஒருவராக இருப்பது நல்லது. நீங்களே உடைந்துபோயிருக்கும் நிலையில் குரல் வராது என்று அஞ்சினால், துணைவரைச் சொல்லச்செய்து நீங்கள் பிள்ளையின் அருகில் இருங்கள். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும். தாய் அழுவதைக் கண்டு பிள்ளை கெட்டுப்போவதில்லை. அழுகையின் காரணம் தெரியாதபோதுதான் கலங்குகிறது.

வீட்டில், பிள்ளைக்குப் பழகிய இடத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். உறவினர் நிறைந்த கூடத்தில் வேண்டாம். பல வயதுப் பிள்ளைகள் இருந்தால், எல்லோருக்கும் பொதுவான இரண்டு மூன்று வசனங்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மூத்த பிள்ளையோடு பின்னர் தனியாகப் பேசலாம். சிறியவரிடமிருந்து இதைக் காப்பாற்றும் பொறுப்பைப் பதின்மூன்று வயது அக்காவின் மீது சுமத்தக் கூடாது.

எந்தச் சொற்களால் சொல்வது?

குறைவான சொற்களால், ஆனால் பின்னர் ஒருபோதும் மாற்றவேண்டியிராத சொற்களால் சொல்லுங்கள். "நித்திரையாயிட்டார்" என்று கேட்ட சிறுபிள்ளை படுக்கைக்குப் போகப் பயப்படும். "சாமியிட்டப் போயிட்டார்" என்று கேட்டது, தானும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்கும். "தூரப் பயணம் போயிட்டார்" என்பது நம்மிடையே இன்னும் ஆபத்தானது: உறவினரில் பாதிப்பேர் இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள், அவர்கள் விடுமுறைக்குத் திரும்பி வருகிறார்கள். "வருத்தத்தில செத்தார்" என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். காய்ச்சலையும் நாம் வருத்தம் என்றுதான் சொல்கிறோம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இறப்பு மீளாதது என்பதே இன்னும் விளங்கியிராது. "சின்னமாமா இறந்திட்டார். அவருடைய உடம்பு இனி வேலை செய்யாது. சாப்பிடமாட்டார், நடக்கமாட்டார், நோவும் இராது. இனித் திரும்பி வரமாட்டார்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரமே "மாமா எப்ப வருவார்?" என்று கேட்டால், முதல்முறை சொன்னதைப் போலவே சொல்லுங்கள். அது உங்களை வதைப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. அந்த வயதில் ஒரு செய்தி உள்ளே இறங்குவது அவ்வாறுதான்.

ஆறிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைக்குக் காரணம் வேண்டும். நான் என் மகளுக்குச் சொன்னது ஏறத்தாழ இது: "மாமாவின்ர மனசுக்கு ஒரு கடுமையான நோய் இருந்தது. அது வந்தால் யோசிக்கிற விதமே மாறிப்போகும். உதவி கிடைக்கும் எண்டும் நம்பேலாமப் போகும். அந்த நோவைத் தாங்கேலாம அவர் தன்ர உயிரைத் தானே எடுத்திட்டார். அதைத் தற்கொலை எண்டு சொல்லுவினம்." அந்தச் சொல்லையும் நீங்களே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வெளியில் அதைக் கேட்கத்தான் போகிறது. உடனேயே இரண்டு விடயங்களைச் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் வரும் கவலை வேறு, மாமாவுக்கு இருந்த நோய் வேறு. பரீட்சையில் புள்ளி குறைந்து அழுதால் அது இந்த நோயன்று. இந்த நோய் வந்தவர்களில் மிகப்பெரும்பாலானோர் இறப்பதில்லை. மருந்தும் உதவியும் இருக்கின்றன.

எல்லா இறப்புகளிலும் முன்னரே அறியப்பட்ட மனநோய் இருப்பதில்லை. கடன், வேலை இழப்பு, மணமுறிவு, மது, ஒரு கணத்தின் ஆவேசம் ஆகியன பின்னிப்பிணைந்திருக்கலாம். அவ்வாறாயின் இல்லாத நோயொன்றைப் புனைய வேண்டியதில்லை: "மாமாவுக்கு நிறையக் கஷ்டங்கள் ஒண்டா வந்தது, அதுக்கு வேற வழி இருந்தது, ஆனா அந்த நேரம் அவருக்குத் தெரியேல்ல" என்றால் அது உண்மையாகவே இருக்கும். மாமிமீதோ அலுவலக மேலாளர்மீதோ பழியைப் போட்டுக் கதையை முடித்துவிட மட்டும் வேண்டாம். "மாமியோட சண்டை, அதாலதான்" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு, வீட்டில் ஒவ்வொரு சண்டையும் ஒரு மரணத்தின் முன்னறிவிப்பாகிவிடும்.

பதின்ம வயதினரிடம் நீங்கள் சொல்வதைவிடக் கேட்பதே மிகுதியாக இருக்கட்டும். அவர்கள் கைப்பேசியில் ஏற்கெனவே தேடியிருப்பார்கள். "நீ என்ன கேள்விப்பட்டனி?" என்று தொடங்கினால், எதைத் திருத்தவேண்டும் என்பது தெரியும். அவர்களிடம் நேரடியாகக் கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு: "உனக்கும் எப்பவாவது சாகவேணும் எண்டு தோன்றியிருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை, கேட்கப்பட்டவர்களுக்கு அது பேசுவதற்கான வழியாகவே அமைகிறது.

"எப்படிச் செய்தார்?" என்று கேட்டால்?

சிறுபிள்ளைகளுக்கு இந்த விவரம் தேவையில்லை, பெரும்பாலோர் கேட்பதுமில்லை. கேட்டால் ஒரே வசனத்தில், காட்சியை விவரிக்காமல் பதில் சொல்லி நிறுத்துங்கள். "அதைப் பற்றி நீ இன்னும் வளர்ந்தாப்பிறகு கதைப்பம்" என்பதும் நேர்மையான பதில்தான், நீங்கள் உண்மையிலேயே பின்னர் பேசுவதாக இருந்தால். இடம், கருவி, கண்ட நிலை ஆகியவற்றை வயதுவந்த பிள்ளைக்கும் விரிக்க வேண்டியதில்லை. அந்த விவரங்கள் மனத்தில் படமாகத் தங்கி, இறந்தவர் வாழ்ந்த முப்பது நாற்பது ஆண்டுகளையும் மூடிவிடுகின்றன. கடிதம் ஏதும் இருந்தால் அதைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே விளையாடப் போய்விட்டது. விளங்கவில்லையா?

விளங்கியிருக்கும். பிள்ளைகள் துயரைச் சிறிது சிறிதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வெளியே சொல்லாத இரண்டு கேள்விகள் அவர்களுக்குள் இருப்பதுண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே பதில் சொல்லிவிடுவது நல்லது.

முதலாவது, "என்னாலதானா?" என்பது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் நினைப்பால் உலகில் காரியங்கள் நடக்கும் என்ற நம்பிக்கை இன்னும் முற்றாக விட்டுப்போயிருக்காது. கடைசியாக மாமா வந்தபோது முகம் கொடுக்காமல் இருந்தது, அவருடைய கைப்பேசியைக் கேட்டு அடம்பிடித்தது என்று ஏதோவொன்று உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருக்கும். "நீ சொன்னது, செய்தது, நினைச்சது ஒண்டாலயும் இது நடக்கேல்ல" என்று சொல்லுங்கள். ஒருமுறை சொல்வது போதாது.

இரண்டாவது, "நீங்களும் அப்படிச் செய்வீங்களா?" என்பது. நீங்கள் இறந்தவரின் உடன்பிறப்பு, முகச்சாயலும் ஒன்று, இப்போது நாள்முழுதும் அழுகிறீர்கள். ஆகவே பிள்ளை கணக்குப் போடுகிறது. "எனக்குச் சரியான கவலை. ஆனா எனக்குத் தாங்கேலாமப் போனால் அப்பாட்டச் சொல்லுவன், டொக்டரிட்டப் போவன்" என்று, நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். "நான் ஒருநாளும் சாகமாட்டன்" என்பதை எட்டு வயதுப் பிள்ளை நம்பாது.

அம்மம்மா "பாவம்", "ஆவி அலையும்" என்கிறார். பிள்ளை பயப்படுகிறது.

மகனை இழந்த மூதாட்டியோடு வாதம் செய்து பயனில்லை. ஆயினும் பிள்ளையின் காதில் விழுந்ததை நீங்கள் அன்றே சமன்செய்ய வேண்டும்: "அம்மம்மாவுக்கு நல்லாக் கவலை. பழைய ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினம். நான் அப்பிடி நம்பேல்ல. மாமா உன்னைப் பயப்படுத்த வரமாட்டார்."

கத்தோலிக்கக் குடும்பங்களில், தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கும் என்ற எண்ணம் இன்றும் உலவுகிறது. 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அத்தகைய தடை இருந்தது உண்மை. 1983 ஆம் ஆண்டின் தொகுப்பில் அது இல்லை. 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கூறுகிறது. முஸ்லிம்களிடையே, அத்தகையவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. சைவக் குடும்பங்கள் எட்டாம் நாளின் எட்டுச் செலவையும் முப்பத்தோராம் நாளின் அந்தியேட்டியையும் வழமைபோலச் செய்யலாம். இதற்கென்று கூடுதல் பரிகாரம் செய்தே ஆகவேண்டும் என்று யாராவது அச்சமூட்டினால், வேறொரு குருக்களைத் தேடிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

செத்தவீட்டுக்கும் மயானத்துக்கும் பிள்ளையைக் கூட்டிச்செல்லலாமா?

அங்கே காணப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வர விருப்பமா என்று கேளுங்கள். பெட்டி இருக்கும், திறந்திருக்குமா மூடியிருக்குமா, பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள், பொரளைக் கனத்தைக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்வார்கள், அப்போது மாமாவுக்கு நோகாது என்று எல்லாவற்றையும் சொல்லலாம். வந்தால், நீங்கள் சடங்கில் நிற்கும்போது பிள்ளையோடு நின்று, போகவேண்டும் என்றவுடன் வெளியே கூட்டிச்செல்லக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு படம் வரைந்து கொடுத்துவிடட்டும்.

இறுதிக்கிரியையை வெளிநாட்டு உறவினருக்காக நேரலையாக ஒளிபரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பதிவு யூடியூபில் அப்படியே கிடக்கும், உங்கள் பிள்ளை பெற்றோர்மீது விழுந்து அழும் காட்சியும் அதில் இருக்கும். கமெராக்காரரிடம் பிள்ளைகளின் முகங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இணைப்பைக் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

பொலிஸும் மரண விசாரணையும் ஏன்? நாங்கள் குற்றவாளிகளா?

இல்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, தற்கொலை என்று கருதப்படும் மரணத்தைத் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனைக்குப் பின்னரே உடல் கையளிக்கப்படும். கைப்பேசியும் கடிதமும் சான்றுக்காக எடுத்துச்செல்லப்படலாம். வாக்குமூலம் உங்களுக்கு நன்கு தெரியாத மொழியில் எழுதப்பட்டால், வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது; பழைய அச்சத்தில் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிறவர்கள் இன்றும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பிள்ளை பொலிஸாரைக் கண்டிருந்தால், "ஆராவது திடீரெண்டு இறந்தால் என்ன நடந்தது எண்டு அவை எழுதவேணும், அது அவையின்ர வேலை" என்று விளக்கிவிடுங்கள்.

எல்லோரும் அம்மாவையும் அண்ணியையும் விசாரிக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அழ உரிமையில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே பலர் ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்கள். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் பெற்றோரின் கையைப் பிடிக்கிறார்கள், துணைவரைக் கட்டிக்கொள்கிறார்கள், உங்களிடம் வந்து, "இனி நீங்கதான் அம்மாவைப் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தது நீங்கள், உடலை அடையாளம் காட்டியது நீங்கள், வீரகேசரிக்கு மரண அறிவித்தல் எழுதிக்கொடுத்து அதில் "அகால மரணமடைந்தார்" என்று போட ஒப்புக்கொண்டதும் நீங்கள். காரியங்கள் ஓடிக்கொண்டிருக்கும் வரை துயர் காத்திருக்கிறது. முப்பத்தொன்று முடிந்து உறவினர் கலைந்த பின்னர், மற்றவர்கள் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று எண்ணும் வேளையில்தான் அது வருகிறது.

பெற்றோருக்கு முன்னர் அழக்கூடாது, பிள்ளைக்கு முன்னர் அழக்கூடாது என்று இருபுறமும் அணைகட்டினால், அழ மிஞ்சுவது குளியலறை மட்டும்தான். இழந்தது சிறிய உறவன்று. உங்கள் சிறுபராயத்துக்கு இருந்த மற்றச் சாட்சி போய்விட்டார். 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் வெளியேறிய இரவில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள், அந்த இரவை "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதற்கு உடன்பிறந்தவரை விட்டால் வேறு யார்? வரிசையும் மாறிவிடுகிறது: இரண்டாவது பிள்ளை மூத்த பிள்ளையாகிறது, அல்லது ஒரே பிள்ளையாகிறது. பெற்றோர் உங்கள் தொலைபேசி இரண்டு முறை அடித்தும் எடுக்காவிட்டால் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தையும் நீங்களே சுமக்கிறீர்கள்.

செய்யக்கூடியதாக நான் சொல்வது ஒன்றுதான்: பெற்றோரும் அல்லாத, பிள்ளையும் அல்லாத ஒருவரை, உங்களுக்காக மட்டும் தேடிக்கொள்ளுங்கள். நண்பர், உளவள ஆலோசகர், அருட்தந்தை என்று யாராகவும் இருக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் அவரிடம் நீங்கள் யாரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இல்லாதவராக இருக்க வேண்டும்.

ஏன் செய்தான்? நாங்கள் அவனுக்குப் போதவில்லையா? நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

முழுமையான விடை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடிதம் இருந்தாலும் கிடைக்காது. அதை எழுதியது அந்த நேரத்து மனம்.

"எங்களையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்துப் போனான்" என்ற எண்ணம்தான் உடன்பிறந்தவரை அதிகம் வதைக்கிறது. இதற்கு எதிரான வலுவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 1984 இலிருந்து படிப்படியாக, 1995 இலும் பின்னர் 2008 முதல் 2011 வரையிலும், மிகக் கொடிய விவசாய நஞ்சுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. 1995 இன் பின்னர் வந்த இரண்டு தசாப்தங்களில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதத்தால் வீழ்ந்தது. அந்த ஆண்டுகளில் போர் இருந்தது, வறுமை இருந்தது, குடும்பச் சண்டைகள் இருந்தன. ஆயினும் உயிர்கள் தப்பின, ஏனென்றால் அந்த உந்துதல் பலருக்கு ஓர் அலையாக எழுந்து சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. தணியும்வரை உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. உங்கள் தம்பி உங்களை எடைபோட்டுப் பார்க்கவில்லை. அந்த வேளையில் அவருடைய பார்வைக்குள் நீங்கள் யாருமே இருக்கவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இதை வாசித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தச் சில மணி நேரம் நான் அங்கே இருந்திருந்தால்?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்காத ஓர் அழைப்பு, பதிலனுப்பாத ஒரு வட்ஸ்அப் செய்தி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பை எடுக்காத நாளில், அது எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியாது. முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் அறிகுறியாகத் தெரிகிறது. முன்னோக்கி வாழ்ந்தவருக்கு அது வழமையான ஒரு செவ்வாய்க்கிழமை.

எனக்கு அவன்மீது கோபம் வருகிறது. சில வேளை நிம்மதியாகவும் இருக்கிறது.

இரண்டும் வரும். ஆண்டுக்கணக்காகக் குடியோடும் கடனோடும் முன்னைய முயற்சிகளோடும் போராடிய ஒருவரின் குடும்பத்துக்கு, தொலைபேசி அடிக்கும்போது நெஞ்சு பதைக்காமல் இருப்பது ஒரு விடுதலைதான். அதனால் அவர் இறந்ததை விரும்பினீர்கள் என்று ஆகாது.

பாடசாலையில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

வகுப்பாசிரியருக்கும், இருந்தால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். எந்தச் சொற்களைப் பிள்ளைக்குச் சொன்னீர்கள் என்பதையும் தெரிவித்தால் அவர்கள் முரண்படாமல் பேசுவார்கள். பிள்ளைக்கும் ஒரு விடையைப் பழக்கிக் கொடுங்கள்: "எங்கட மாமா இறந்திட்டார். இப்ப அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை." இது இரகசியமல்ல, ஆனால் கேட்கிற எல்லோருக்கும் சொல்லவேண்டியதும் அல்ல என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது பரம்பரையாக வருமா?

குடும்பத்தில் தற்கொலை நிகழ்ந்தவர்களுக்கு அபாயம் ஓரளவு கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அத்தகைய குடும்பங்களில் பிறந்தவர்களில் மிகப்பெரும்பாலானோர் அவ்வாறு இறப்பதில்லை. நீரிழிவு உள்ள குடும்பம் இனிப்பில் கவனமாக இருப்பதைப் போல, மனச்சோர்வை மறைக்காமல் நேரத்துக்கு மருத்துவரிடம் போகும் வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்திக்கொள்வதே இந்த அறிவின் பயன்.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்? கொழும்பில் எங்கே போவது?

படுக்கையில் சிறுநீர் கழித்தல், வயிற்றுவலி, தாயை விட்டகலாமை ஆகியன முதல் வாரங்களில் எதிர்பார்க்கத்தக்கவை. அவை பல வாரங்களாகக் குறையாமல் நீடித்தால், பிள்ளை பாடசாலைக்கே போக மறுத்தால், இறந்தவரிடம் போகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அல்லது தன்னைத்தானே காயப்படுத்தினால், காத்திருக்க வேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவ சேவை உண்டு. அரசாங்க வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையிலும், முல்லேரியாவிலுள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் உதவி கிடைக்கும். அந்த நிறுவகத்தை மக்கள் அழைக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்து வீட்டிலிருப்பதில் பொருளில்லை.

தொலைபேசியில் பேசுவதானால் மேலே சொன்ன 1926 இருக்கிறது, உளவள ஆலோசனைக்கு 1333 இருக்கிறது, பிள்ளைகளுக்கு 1929 இருக்கிறது. சுமித்ரயோ 1974 முதல் இயங்கிவரும் தன்னார்வ அமைப்பு. கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் உள்ளது. தொலைபேசி 011 2696666. அங்கே அறிவுரை சொல்ல மாட்டார்கள், தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். எங்கே அழைத்தாலும் தமிழில் பேச விரும்புவதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் இறந்தபோது என் பிள்ளை கைக்குழந்தை. சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி யார் என்று கேட்கிறது.

முதலில் அவர் வாழ்ந்ததைச் சொல்லுங்கள்: அம்மாவின் தம்பி, கிரிக்கெட் பைத்தியம், கத்தரிக்காய்க் குழம்பை வெறுத்தவர், உன்னைத் தூக்கி வைத்திருக்கும் படம் இது. "ஏன் இறந்தவர்?" என்று கேட்கும் வயது வந்ததும், மேலே ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன அதே சொற்களைச் சொல்லலாம். கேட்காமலே வளர்ந்தால், பதின்ம வயதுக்குள் கால்வைக்கும் முன்னர், ஒரு திவச நாளைச் சாட்டாக வைத்து நீங்களே சொல்லுங்கள். பதினைந்து வயதில் அதே பிள்ளை புதிதாகக் கேட்பதுபோல மறுபடியும் கேட்கும், அப்போது காரணங்களைப் பற்றிக் கூடுதலாக அறிய விரும்பும். முன்னர் சொன்னவற்றில் மாற்றவேண்டியது எதுவும் இல்லாதபடியால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொல்லலாம்.